நூற்றுப் பதினேழாம் பக்கம்

மேத்யூ அந்த நாவலை முதலில் அரிசி டிரம்முக்குள்தான் ஒளித்து வைத்தார். இன்னும் அரை மணி நேரத்தில் அரிசி எடுக்க வரப்போவது லூயிசா என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது. வெளியே எடுத்து, தட்டி, ஸ்டூல் போட்டு ஏறி, பரணில் இருந்த கிறிஸ்துமஸ் குடில் பெட்டிக்குள் மூன்று ராஜாக்களுக்கும் ஒட்டகத்துக்கும் நடுவில் திணித்தார். டிசம்பர் வரைக்கும் அந்தப் பெட்டியை யாரும் திறக்கப்போவதில்லை. இப்போது பிப்ரவரி.

இறங்கி ஸ்டூலை நகர்த்துவதற்குள் குளித்துவிட்டு லூயிசா வந்துவிட்டாள்.

"ஏங்க, என் புக்கைப் பாத்தீங்களா? டேபிள் மேலதான் வெச்சேன்."

"எந்த புக்கு?"

"அதான், 'மதிய மணி'. நூத்திப் பத்தாம் பக்கத்துல நிக்கறேன்."

இன்னும் ஏழு பக்கம். மேத்யூ மனக்கணக்குப் போட்டார்.

'மதிய மணி' தமிழ்நிலா என்ற புது எழுத்தாளருடைய நாவல். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தைந்தில், ஒரு பள்ளிக்கூடத்தில், ஒரு ஒல்லிப் பையனைக் கூடப் படிக்கிறவர்கள் வருஷம் முழுக்க எப்படி வதைக்கிறார்கள், வாத்தியார்கள் அதை எப்படிப் பார்த்தும் பார்க்காமல் போகிறார்கள் என்பதுதான் கதை. வந்த மூன்றே மாதத்தில் வாசகர்களை இரண்டாகப் பிரித்துவிட்டது. ஒரு பெற்றோர் சங்கம் தடை செய்யச் சொன்னது. இன்னொரு சங்கம் பாடமாக வைக்கச் சொன்னது. இரண்டு சங்கமும் அதைப் படித்திருந்ததா என்று யாரும் கேட்கவில்லை.

நூற்றுப் பதினேழாம் பக்கத்தில், எட்டாம் வகுப்பு கோல்கீப்பர் ஒருவன், 'கோலி' என்று எல்லாரும் கூப்பிடுகிறவன், இடது புருவத்தில் தழும்பு உள்ளவன், அந்த ஒல்லிப் பையனின் டிபன் பாக்ஸில் இருக்கிற தயிர் சாதத்தில் ஒரு புட்டி நீல மையைக் கவிழ்க்கிறான். பிறகு அதைச் சாப்பிடச் சொல்கிறான்.

மேத்யூவும் கோபாலபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் எண்பத்தைந்தில் எட்டாவது படித்தார். அவரும் கோல்கீப்பர். அவரையும் 'கோலி' என்றுதான் கூப்பிட்டார்கள். கம்பத்தில் மோதி வாங்கிய தழும்பு இடது புருவத்தில் இன்னும் இருக்கிறது. மை சமாச்சாரமும் நடந்ததுதான். கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு பொருத்தம் அமையாது.

யாரோ எழுதிவிட்டார்கள். அதுதான் மேத்யூவின் முடிவு. யார் எழுதினார்கள் என்பதைவிட, லூயிசா படித்துவிடுவாளே என்பதுதான் அவருடைய கவலை. லூயிசா அரசுப் பள்ளியில் அறிவியல் டீச்சர். இருபத்தாறு வருஷமாக, பார்க்கிறவர்களிடமெல்லாம் அவள் ஒரே பெருமையைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறாள். "எங்க வீட்டுக்காரர் கரப்பான் பூச்சியைக்கூட முறத்துல ஏந்திக்கிட்டுப் போயி வெளியில விட்டுட்டு வருவாரு." அந்த ஒரு வாக்கியத்தில்தான் மேத்யூ இத்தனை வருஷமும் குடியிருந்தார்.

சாம்பல் புதன் வந்தது. ஈஸ்டருக்கு முந்தின தபசு காலத்துக்கு வீட்டு ஜெப மேடையில் விரிக்கிற ஊதாத் துணியை வருஷா வருஷம் குடில் பெட்டிக்குள் மடித்து வைப்பது லூயிசாவின் வழக்கம். மேத்யூவுக்கு அது தெரியாது. துணி விரித்திருப்பதைத்தான் பார்த்திருக்கிறாரே தவிர, அது எங்கிருந்து வருகிறது என்று ஒரு நாளும் விசாரித்ததில்லை.

"ஏங்க, புக்கு எப்படி ஒட்டகத்துக்குப் பக்கத்துல போச்சு?"

"எலி இழுத்துக்கிட்டுப் போயிருக்கும்."

"ஸ்டூல் போட்டு ஏறியா?"

அன்று சாயங்காலமே அவள் நூற்றுப் பதினேழாம் பக்கத்தைக் கடந்துவிட்டாள். மேத்யூ எதிர் நாற்காலியில் பேப்பரைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவள் புத்தகத்தை மடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"இந்தக் கோலிப் பய இப்ப எங்க இருக்கானோ. அம்பது வயசுக்கு மேல ஆகியிருக்கும். இந்த மாதிரி ஜென்மங்க மாறவே மாறாது." கொஞ்ச நேரம் கழித்து, "அவனைக் கட்டினவ பாவம்" என்றாள்.

மேத்யூ தழும்பை மறைக்க முன்முடியை இழுத்துவிட்டுக்கொண்டார். முன்முடி இருந்து என்ன, அது புருவம் வரைக்கும் வந்து பத்து வருஷம் ஆகிறது.

அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் மேத்யூ மந்தைவெளி வாசகர் வட்டத்தின் செயலாளர். லூயிசா அதில் உறுப்பினர். வட்டத்தில் யாராவது வாய் தவறி, "செயலாளர் சார், உங்களுக்கும் புருவத்துல தழும்பு இருக்கே" என்று சொன்னால் போதும்.

வட்டம் ஒவ்வொரு மாதமும் இரண்டாவது ஞாயிறு, ஷாஹுல் ஹமீதின் ஃபிரேம் கடை மாடியில் கூடும். பாய் கல்யாண போட்டோவிலிருந்து காலமானவர் படம் வரைக்கும் எல்லாவற்றுக்கும் சட்டம் போடுகிறவர். கனத்த உடம்பு, மருதாணி போட்ட தாடி. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், வட்டம் இடமில்லாமல் பூங்கா பெஞ்சில் கூடிக்கொண்டிருந்தபோது, செயலாளர் பெயரோடு சுவரில் ஒட்டியிருந்த நோட்டீஸைப் படித்துவிட்டுத் தானே தேடி வந்து மாடிச் சாவியை மேத்யூவின் கையில் கொடுத்தார். அவர் படித்த கடைசி எழுத்து அந்த நோட்டீஸாகத்தான் இருக்கும். புத்தகம் பக்கமே போகமாட்டார்.

"நீங்க எங்க பாய் படிச்சீங்க?" என்று மேத்யூ ஒரு தரம் கேட்டார்.

"நான் எங்க படிச்சேன், பாதியிலயே ஓடிட்டேன்" என்று பாய் சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

வட்டத்தில் கருத்துச் சீட்டு என்று ஒரு ஏற்பாடு உண்டு. படித்த புத்தகத்தைப் பற்றிப் பெயர் போடாமல் ஒரு சீட்டில் எழுதி, மேஜையில் இருக்கும் பிஸ்கட் டின்னில் போட வேண்டும். செயலாளர் சத்தமாக வாசிப்பார். மார்ச் கூட்டத்துக்கு மேத்யூ தயாராகப் போனார். இடது கையால், விதவிதமான கோணலில், ஒன்பது சீட்டு எழுதி டின்னில் போட்டிருந்தார். 'மதிய மணி' ஒரு குப்பை என்று ஒன்பது பேர் சொல்லிவிட்டால், பேச்சு அடுத்த புத்தகத்துக்குத் தாவிவிடும் என்பது கணக்கு.

வாசிக்க ஆரம்பித்தார்.

"'நான் இந்த நாவலைப் படிக்கவில்லை. ஆனால் வன்மையாகக் கண்டிக்கிறேன்.'"

யாரோ கை தட்டினார்கள்.

"'இதெல்லாம் எங்கள் காலத்தில் சகஜம். நான் அடி வாங்காத நாளே கிடையாது. அதனால்தான் ஆடிட்டர் ஆனேன்.'"

எல்லாரும் திரும்பி, ஓய்வு பெற்ற ஆடிட்டர் பாஷ்யத்தைப் பார்த்தார்கள். பாஷ்யம் கூரையைப் பார்த்தார்.

"'அட்டைப் படம் நன்று.'"

அடுத்த சீட்டு லூயிசாவின் கையெழுத்து. "'படித்து முடித்த மறுநாள் என் வகுப்பில் கடைசி வரிசையைத் திரும்பிப் பார்த்தேன். ஒரு பையன் டிபன் பாக்ஸைக் கையால் மூடிக்கொண்டு சாப்பிடுகிறான். இத்தனை நாள் அதை நான் பார்க்கவே இல்லை.'" கைதட்ட யாருக்கும் தோன்றவில்லை.

பிறகு அவருடைய ஒன்பது சீட்டுகளும் வந்தன. 'பொய்', 'நடக்காத கதை', 'கோல்கீப்பர்களை இழிவுபடுத்துகிறது' என்று ஒவ்வொன்றாக வாசித்து முடித்தபோது பாஷ்யம் எழுந்தார்.

"மொத்தம் எத்தனை சீட்டு?"

"பதினாறு."

"போன வருஷம் பூரா எந்தப் புஸ்தகத்துக்கும் ஏழுக்கு மேல வந்ததில்லை. எந்தப் புஸ்தகத்துக்குப் பத்துக்கு மேல சீட்டு வர்றதோ, அதை எழுதினவாளை அடுத்த கூட்டத்துக்குக் கூப்பிடணும். ரூல் எழுதினதே நீர்தானே ஓய்?"

எழுதினது அவர்தான். சாதகமா பாதகமா என்று பார்க்காமல் எண்ணிக்கையை மட்டும் பார்க்க வேண்டும் என்று உள்ளே ஒரு உட்பிரிவு சேர்த்ததும் அவர்தான்.

பாஷ்யம் அதோடு நிற்கவில்லை. திட்டின சீட்டுகளை வாங்கிப் பின்பக்கம் திருப்பிப் பார்த்தார். ஒன்பதிலும் ஒரு மருந்துக் கம்பெனியின் பாதி முத்திரை இருந்தது. மேத்யூ ஒரு மருந்துக் கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். கம்பெனியின் பழைய குறிப்புத் தாள்களைக் கிழித்து எழுதியிருந்தார்.

"பாத்தேளா? ஏதோ ஒரு மருந்துக் கம்பெனி இந்தப் புஸ்தகத்துக்கு எதிரா வேலை பண்ணிண்டிருக்கு. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குக் காயம் பட்டாத்தானே மருந்து விக்கும்?"

இது அன்று ராத்திரிக்குள் வாட்ஸ்அப் வழியாக அடையாறு வரைக்கும் போய்விட்டது. மறுநாள் தி. நகரில் ஒரு கடையில் 'மதிய மணி' ஒரு பிரதிகூட இல்லை. லூயிசாவுடைய பள்ளியிலேயே நாலு டீச்சர்கள் வாங்கினார்கள். கம்பெனி பெயரைப் பற்றி லூயிசா வீட்டில் ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு நாள் மேத்யூவை ஒரு மாதிரி பார்த்தாள், அவ்வளவுதான்.

மேத்யூ எழுத்தாளருக்கு மின்னஞ்சல் அனுப்பினார். அழைத்தது வாஸ்தவம், ஆனால் மாடி மழையில் ஒழுகுவதால் கூட்டத்தை ஒத்திவைக்க வேண்டியிருக்கிறது என்று எழுதினார். அனுப்பிய பிறகு ஜன்னல் வழியாகப் பார்த்தார். வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

எழுத்தாளர் ஒழுங்கான பெண். கூட்ட நோட்டீஸில் இருந்த இன்னொரு எண்ணுக்குப் போன் போட்டு, மாடி சரியாக எத்தனை நாள் ஆகும் என்று விசாரித்தாள். அது ஷாஹுல் ஹமீதின் எண். பாய் நோன்பு வைத்த வாயோடு நேராக மேத்யூவின் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"இன்னா மேத்யூ, என் மாடி ஒழுகுதா?"

"இல்ல பாய், ஒரு சந்தேகம்தான்."

"பங்குனி வெயில்ல இன்னா சந்தேகம்? நான் அந்தப் பொண்ணாண்ட பேசிட்டேன். பெருநாள் முடிஞ்சி அடுத்த மாசக் கூட்டத்துக்கு வருது. நீ கவலைப்படாத."

உள்ளேயிருந்து வந்த லூயிசா, "நல்லதாப் போச்சு பாய்" என்றாள்.

பாய் செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டார். "அந்தக் கதையில, அந்தப் பையன் கடைசியில இன்னா ஆவறானாம்?"

"தெரியாது பாய். கதை பள்ளிக்கூடத்தோட முடிஞ்சுடுது" என்றாள் லூயிசா.

"அது சரி" என்று சொல்லிவிட்டு பாய் படியிறங்கினார்.

மேத்யூவுக்கு வேறு வழி தெரியவில்லை. அந்த வெள்ளிக்கிழமை, சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிற பாவசங்கீர்த்தனத்துக்குப் போனார். முழங்கால் போட்டு, நாற்பது வருஷத்துப் பழைய பாவம் ஒன்று இருக்கிறது என்று ஆரம்பித்து, டிபன் பாக்ஸ் வரைக்கும் வந்தார். தடுப்பு வலைக்கு அந்தப் பக்கம் சாமியார் தொண்டையைச் செருமினார்.

"இருங்க. இது அந்த நாவல்ல வர்ற சம்பவமாச்சே."

"ஆமா சாமி."

"நான் இன்னும் முடிக்கல. மேற்கொண்டு சொல்லிடாதீங்க."

"இது நாவல் இல்ல சாமி, நான் நெஜமாவே செஞ்சது."

வலைக்கு அந்தப் பக்கம் நாற்காலி நகர்ந்தது. பிறகு சாமியார் சாதாரணக் குரலில் சொன்னார். "ஜெபம் எத்தனை வேணாலும் சொல்லலாம். ஆனா பட்டது நான் இல்லையே. அவரைப் பாத்து மன்னிப்புக் கேளுங்க. அவர் பேர் என்ன?"

மேத்யூ வாயைத் திறந்தார். பெயர் வரவில்லை. 'ஓணான்' என்பதுதான் வந்தது. ஈர்க்குச்சி மாதிரி இருந்ததால் வைத்த பெயர். அந்த அரை வருஷமும் அவனை ஓணான் என்றே கூப்பிட்டிருக்கிறார்கள். அட்டெண்டன்ஸில் என்ன பெயர் படித்தார்கள் என்பது எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. மேத்யூவுக்கு மை ஊற்றியதைவிட இது அவமானமாக இருந்தது. வெளியே வந்து சைக்கிள் ஸ்டாண்ட் பக்கம் நின்று கொஞ்ச நேரம் அழுதார்.

ஏப்ரல் கூட்டத்துக்கு மாடி நிரம்பி, படிக்கட்டில்கூட ஆள் உட்கார்ந்திருந்தது. மருந்துக் கம்பெனி என்ன செய்யப்போகிறது என்று பார்க்க ஆதம்பாக்கத்திலிருந்து ஒரு கூட்டமே வந்திருந்தது. தமிழ்நிலா ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தாள். பக்கத்துக் கடைப் பெண் போலச் சாதாரணமாக இருந்தாள். மூலையில் ஷாஹுல் ஹமீது ஒரு பெரிய தூக்கோடு உட்கார்ந்திருந்தார். ரம்ஜான் முடிந்து வரும் முதல் கூட்டத்துக்கு அவர் வீட்டிலிருந்து சேமியா வரும். எப்போதும் முதல் கிண்ணம் செயலாளருக்குத்தான், அது ஒரு மரியாதை.

தமிழ்நிலா நூற்றுப் பதினேழாம் பக்கத்தையே வாசித்தாள். வாசித்து முடித்ததும் சண்டை ஆரம்பித்தது. பிள்ளைகள் இதைப் படித்தால் கெட்டுப்போவார்கள் என்று ஒருவர் சொன்னார். படிக்காமலே இவ்வளவும் செய்கிறார்களே என்று ஆதம்பாக்கத்திலிருந்து வந்த கைசர் ஜஹான் டீச்சர் கேட்டார்.

"இப்படி ஒரு பையன் லோகத்துல இருக்கவே மாட்டான்" என்றார் பாஷ்யம். "அம்மா, நீ கொஞ்சம் மிகைப்படுத்திட்டே. எங்காத்துப் பசங்களும் படிச்சாளே, யாராவது இப்படிச் செஞ்சாளா?"

"உங்காத்துப் பசங்களுக்கு யாராவது செஞ்சாங்களான்னு கேட்டீங்களா மாமா?" என்றாள் லூயிசா.

நன்றியுரை சொல்ல வேண்டியது செயலாளர். மேத்யூ எழுந்து மைக்கைப் பிடித்தார். சட்டைப் பையில் எழுதி வைத்திருந்த நன்றியுரை இருந்தது. அதை எடுக்கவில்லை.

"மாமா சொன்னது தப்பு. அப்படி ஒரு பையன் இருந்தான். அது நான்தான்."

சிலர் சிரித்தார்கள். இது நன்றியுரையின் நயம் என்று நினைத்தார்கள்.

"எட்டாவது படிக்கும்போது. புதுசா வந்த ஒரு ஒல்லிப் பையன். தயிர் சாதம் கொண்டாந்திருந்தான். நான்தான் மையை ஊத்தினேன். ஒரு வாய் சாப்பிட வெச்சேன். எல்லாரும் சிரிச்சாங்க, எனக்கும் அன்னிக்கு ரொம்ப சந்தோஷமா இருந்துச்சு. அரைப் பரீட்சைக்கு அப்புறம் அவன் பள்ளிக்கூடத்துக்கே வரல. ஏன் வரலன்னு நாங்க யாரும் கேக்கல. அந்த ஒம்பது சீட்டும் நான் எழுதினதுதான். மருந்துக் கம்பெனி ஒரு பாவமும் செய்யல." அவர் தமிழ்நிலா பக்கம் திரும்பினார். "நீங்க என்னைப் பத்தி எழுதினது அத்தனையும் உண்மைம்மா. உங்களுக்கு யார் சொன்னாங்கன்னு மட்டும் சொல்லுங்க. நான் போய் அவன்கிட்ட மன்னிப்புக் கேக்கணும்."

தமிழ்நிலா அவசரமாக எழுந்தாள்.

"சார், அது நீங்க இல்ல சார்."

"கோலி?"

"கோல்கீப்பரை எல்லா ஊர்லயும் அப்படித்தான் சார் கூப்பிடறாங்க."

"புருவத்துத் தழும்பு?"

"அவனுக்கு ஏதாவது ஒரு அடையாளம் இருக்கட்டும்னு பதிப்பாளர் சொன்னாரு."

"எண்பத்தஞ்சு?"

"இப்ப நடக்கறதா எழுதினா ஏதாவது பள்ளிக்கூடம் கேஸ் போடும்னு நாப்பது வருஷம் பின்னால தள்ளிட்டோம். எனக்கு முப்பது வயசுதான் சார் ஆகுது. நான் படிச்சது திருச்சியில, பொண்ணுங்க பள்ளிக்கூடம். மை ஊத்தினது என் டப்பாவுல."

மாடி முழுக்க ஒரு பெருமூச்சு போயிற்று.

"தேவையே இல்லாம ஒரு பாவமன்னிப்பு" என்று முணுமுணுத்தார் பாஷ்யம். பிறகு அவரே எழுந்து வந்து, தன் தண்ணீர் பாட்டிலை மேத்யூவிடம் நீட்டினார்.

மேத்யூ அதை வாங்கவில்லை. இரண்டாவது வரிசையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். லூயிசா எழுந்து வந்தாள். அவர் முன்னால் நின்று அந்தத் தழும்பை, இருபத்தாறு வருஷத்தில் முதல் முறையாகப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

"அந்தப் பையன் பேர் என்ன?"

"தெரியல லூயிசா. ஓணான்னுதான் கூப்பிடுவோம்."

"பேர்கூடத் தெரியாது."

"தெரியாது."

அவள் கண்ணில் கோபம் இருந்தது. அதை அவள் மறைக்கவில்லை. மேத்யூ தலையைக் குனிந்துகொண்டார். அவர் பயந்தது நடந்துவிட்டது. ஆனால் ஆச்சரியம், காலுக்குக் கீழே தரை அப்படியேதான் இருந்தது.

"மாறவே மாட்டானுங்கன்னு சொன்னேன்" என்றாள் லூயிசா. "அது தப்புதான். ஆனா இதோட முடியல. பழைய ரிஜிஸ்டர் பள்ளிக்கூடத்துல இருக்கும். நாளைக்கு லீவு போடுங்க, நானும் வர்றேன். அவரைக் கண்டுபுடிச்சே ஆகணும்."

"அவன் பேச மாட்டேன்னு சொல்லிட்டா?"

"சொல்லட்டும். அது அவர் இஷ்டம். நீங்க போய் நிக்கணும்."

மேத்யூ தலையாட்டினார். தேட வேண்டியது ஒரு ஊர் அளவு இருந்தாலும், இனி ஒளிக்க வேண்டியது ஒன்றுமில்லை என்பது நிம்மதியாக இருந்தது.

மூலையில் தூக்கின் மூடி திறக்கிற சத்தம் கேட்டது. ஷாஹுல் ஹமீது மெதுவாக எழுந்து, ஒரு கிண்ணத்தில் சேமியாவை ஊற்றினார். பாலில் மிதந்த முந்திரியை ஸ்பூனால் ஒரு ஓரமாகத் தள்ளி, நாற்காலிகளுக்கு நடுவே உடம்பை ஒடுக்கிக்கொண்டு வந்து, வழக்கம்போல முதல் கிண்ணத்தை மேத்யூவின் கையில் வைத்தார். வழக்கம்போல எதிரிலேயே நின்றார். மேத்யூ ஒரு ஸ்பூன் எடுத்து வாய்க்குக் கொண்டுபோனார்.

"அன்னிக்கு என் டப்பாவுல இருந்தது தயிர் சாதம் இல்ல மேத்யூ, எங்கம்மா செஞ்ச பெருநாள் சேமியா" என்றார் பாய். "பன்னெண்டு வருசமா உன் கையில குடுத்துக் குடுத்துப் பாக்கறேன், இன்னிக்குத்தான் உனக்கு ஞாபகம் வந்துகீது."